கைப்பிடியில் இருந்த பொட்டு

அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தன் தோசைக்கல்லையும் கொண்டு வருவாள். அவள் இருக்கும் சாஆவிலிருந்து எங்கள் பெர்மாஸ் ஜெயாவுக்குக் காரில் இரண்டு மணி நேரம். மாற்றுத் துணி ஒரு பையில், தோசைக்கல் இன்னொரு பையில். இரும்புக் கல், பழைய சாரோங் துணியில் சுற்றி, அரிசிப் பையில் போட்டு, காலடியில் வைத்துக்கொண்டு வருவாள். வந்த மறுநாள் காலை என் மனைவியின் கல்லை அடுப்பிலிருந்து இறக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தன் கல்லை ஏற்றுவாள். என் மனைவி ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. நனைந்த குடையை மூலையில் சாத்துவது போல அவ்வளவு இயல்பாக அக்கா அதைச் செய்வாள்.

காரணம் கவிச்சி. அக்கா மீனும் இறைச்சியும் தொடமாட்டாள். அவை வெந்த பாத்திரத்தில் வேறு எது வெந்தாலும் தொடமாட்டாள். பிறவிச் சைவம் அல்ல. சிறுவயதில் ஒரு கருவாட்டுத் துண்டுக்காக என்னோடு கைகலப்பு வரை போனவள். அவள் அதையெல்லாம் விட்டது என்னால். இன்னும் துல்லியமாகச் சொன்னால், ஓர் எலியால்.

நான் சுகாதாரப் பரிசோதகர் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். யோங் பெங்கில் ஒரு கடைவரிசையின் பின்புறச் சாக்கடையைப் பார்வையிடப் போயிருந்தேன். சாக்கடையில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ் போட வேண்டும் என்பது விதி. அந்த விதியை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிறவனே நான்தான். அன்று பூட்ஸ் காரில் இருந்தது, கார் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது, வெயிலும் இருந்தது. செருப்போடு இறங்கினேன். காலில் ஒரு சின்னக் கீறல். பத்து நாள் கழித்து எலிக் காய்ச்சல் என்று படுக்கையில் போட்டார்கள். கண் மஞ்சளானது, சிறுநீர் நின்றுபோனது, டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதே நேரத்தில் அக்கா எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் நின்று, தம்பி எழுந்து உட்கார்ந்தால் இனி ஆயுசுக்கும் கவிச்சி தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த கையோடு மீன் குழம்பு கேட்டேன். அக்காதான் வைத்துக் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. சில மாதங்கள் கழித்து அம்மா சொல்லித்தான் விஷயம் தெரியும்.

"என்னைக் கேட்டா வேண்டிக்கிட்டா?" என்று நான் சிலரிடம் வேடிக்கையாகச் சொன்னதுண்டு. வேடிக்கை என்பது என் அபிப்பிராயம். கேட்டவர்கள் யாரும் சிரித்ததில்லை.

இந்த முறை அக்கா கல் இல்லாமல் வந்தாள். வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். ஜொகூர் பாருவில் அறுவை சிகிச்சை, பிறகு வாரம் ஒரு முறை பரிசோதனை, ஆகவே ஒரு மாதமாவது எங்களோடு தங்கவேண்டும். மருத்துவமனையில் கொடுத்த தாளில் கனமான பொருளைத் தூக்கக்கூடாது, குனியக்கூடாது, அடுப்புப் புகையில் நிற்கக்கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று இருந்தது. அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, நான் தினமும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றாம் நாள், "எனக்குக் கண்ணுக்குத்தான் ஆப்பரேஷன், காதுக்கு இல்ல" என்றாள்.

கல்லைத் தூக்க முடியாத அக்காவுக்கு, லேசான நான்ஸ்டிக் தோசைக்கல் ஒன்று வாங்குவதாக என் மனைவி சொன்னாள். கவிச்சி படாத புதுக் கல் என்றால் சரி என்று அக்கா ஒத்துக்கொண்ட பிறகுதான் சாஆவிலிருந்து கிளம்பினாள். மனைவி கடைக்குப் போய் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இரண்டோடு வந்தாள். சாம்பல் நிறம், வெள்ளைப் புள்ளிகள், கறுப்புக் கைப்பிடி. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒன்று அக்காவுக்கு; அடுப்புக்கு மேலே கொக்கியில் தொங்கும். இன்னொன்று எங்களுக்கு, மீனுக்கும் முட்டைக்கும், கீழ் அலமாரியில் இருக்கும்.

எனக்கு அப்போதே ஓர் ஆட்சேபம் இருந்தது. ஒட்டாத கல் என்று சொல்லி விற்கிறார்கள். எதுவும் ஒட்டாது என்றால் மீனும் ஒட்டாது. மீன் ஒட்டாத கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவினால் அது அறிவியல்படி சைவக் கல்தான். இரண்டு எதற்கு?

"நல்ல கேள்விங்க. உங்க அக்காகிட்ட நீங்களே போய்க் கேளுங்க," என்றாள் மனைவி.

நான் கேட்கவில்லை.

கல்லோடு வந்த வழிமுறைத் தாளை நான் எடுத்துக்கொண்டேன். ஐந்து மொழிகளில் இருந்தது, தமிழ் இல்லை. முதல் தடவை வெந்நீரில் கழுவித் துடைத்து, சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். வெறும் கல்லைச் சூடேற்றக்கூடாது. தீ பாதிக்கு மேல் போகக்கூடாது. இரும்புக் கரண்டி கூடாது, மரக் கரண்டி மட்டும். சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஆறவிட்டு, மெல்லிய ஸ்பாஞ்சால், அழுத்தாமல். ஒன்றின்மேல் ஒன்று வைப்பதானால் நடுவில் துணி விரிக்கவேண்டும். படிக்கப் படிக்க எனக்குப் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. தமிழில் எழுதி அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மனைவியின் இரும்புத் தோசைக்கரண்டியை எடுத்து ஒளித்து வைத்தேன். வெந்தயத் தோசைக்குப் பெருந்தீ வைத்தவளைப் பின்னால் நின்று எச்சரித்தேன். பழைய கல்லுக்குச் செய்வது போல அரை வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கப் போனவளைத் தடுத்து, இந்தக் கல்லுக்கு அது தேவையில்லை, எண்ணெய் படிந்து பிசுக்காகும், பிசுக்கில்தான் தோசை ஒட்டும் என்று விளக்கினேன்.

அக்கா ஹாலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவன் கடைக்கெல்லாம் போயி இப்படித்தான் பேசியிருப்பானா?" என்று என் மனைவியைக் கேட்டாள்.

"இத விட மோசம்க்கா. அவங்க காப்பி குடுத்தாலும் குடிக்க மாட்டாரு."

"குடுத்திருக்க மாட்டாங்க."

உண்மைதான், யாரும் கொடுத்ததில்லை. வேலைக்காலம் முழுக்க நான் சொல்லித் திரிந்ததில் பாதி ஒரே விஷயம்: கலக்காதே. பச்சை இறைச்சிக்கு ஒரு பலகை, வெந்ததற்கு ஒரு பலகை. இடத்தை வைத்து அடையாளம் சொல்லாதே. பொருளின் மேலேயே அடையாளம் இருக்க வேண்டும். "இது எப்பவும் இந்தப் பக்கந்தான் சார் இருக்கும்" என்று சொன்ன கடைக்காரர்கள் எத்தனையோ பேர். "யாராவது எடுத்து அந்தப் பக்கம் வைத்தால்?" என்று கேட்பேன். அவர்கள் விழிப்பார்கள். நான் அறிக்கையில் எழுதுவேன்.

இப்படி இரண்டு வாரம் போனது. அதன் பிறகு, சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் கூப்பிட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு நான்கு நாள் விடுப்பு. மனைவி கிளம்பினாள். தோசை மாவு, சாம்பார், பொரியல் எல்லாம் டப்பாக்களில் வைத்துவிட்டு, என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்:

"மேல தொங்கறது அக்காவோடது. கீழ இருக்கறது நம்மளோடது. கழுவி வச்சாப் போதும்ங்க. ஆராய்ச்சி வேணாம்."

அவள் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடப்பதற்குள் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டேன். இரண்டு கல்லின் அடிப்பக்கமும் பழுப்பேறியிருந்தது. எண்ணெய் வழிந்து தீயில் கருகிய பழுப்பு. உள்பக்கத்தை அத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டில் அடிப்பக்கம் இப்படி இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தொட்டியில் வெந்நீர் நிரப்பி, சமையல் சோடா கரைத்து, இரண்டையும் ஊறப்போட்டேன். அரை மணி நேரம். பிறகு ஸ்பாஞ்சால் துடைத்தேன். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக் கைப்பிடி சேரும் இடுக்குகளைத் தேய்த்தேன். ஒரு கல்லில் கைப்பிடிக்கு அடியில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு கறை காய்ந்து ஒட்டியிருந்தது. எளிதில் போகவில்லை. கறை என்னை எதிர்த்தது என்றுகூடச் சொல்லலாம். நான் விடவில்லை. கடைசியில் கறுப்புக் கைப்பிடி கடையில் இருந்ததைப் போலப் பளபளத்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து மகிழ்ந்தது நன்றாக நினைவிருக்கிறது.

துணியால் ஒற்றி, காயவைத்து, ஒன்றை மேலே மாட்டினேன், ஒன்றைக் கீழே வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சந்தேகமே இல்லாமல் தவறு செய்கிறவர்களைத்தான் நான் என் உத்தியோகத்தில் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை மேலே தொங்கிய கல்லை எடுத்து, தீயைப் பாதிக்கும் கீழே வைத்து, அக்காவுக்கு மூன்று தோசை சுட்டேன். நான் அவளுக்குச் சமைத்துக் கொடுப்பது அதுவே முதல் தடவை. முதல் தோசை கொஞ்சம் கனம். இரண்டாவது வட்டத்தை நெருங்கியது. மூன்றாவது கல்லிலிருந்து வழுக்கிக்கொண்டு தட்டில் வந்து விழுந்தது. அக்கா மூன்றையும் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வெகுநேரம் சாமி படத்துக்கு எதிரில் நின்றாள். கண்ணுக்காக வேண்டிக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மனைவி போன் செய்தாள்.

"உங்க அக்கா சாப்ட்டாங்களா?"

"மூணு தோசை."

"எந்தக் கல்லுல சுட்டீங்க?"

"மேல தொங்குன கல்லுலதான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

"பொட்டு வச்ச கல்லுதானே?"

"என்ன பொட்டு?"

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"கைப்பிடிக்குக் கீழ மஞ்சள் வச்சு, நடுவுல குங்குமம் வச்சிருந்தேனேங்க. புதுப் பாத்திரம், அதுவும் அக்காவுக்கு. ஒரு அடையாளமாவும் இருக்குமேன்னு. நீங்க பாக்கவே இல்லையா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"தேய்ச்சு எடுத்துட்டேன்."

"ஏங்க?"

"அழுக்குன்னு நெனச்சேன்."

"அலமாக்!" என்றாள். "ரெண்டையும் ஒண்ணாப் போட்டா கழுவினீங்க?"

"ஊற வச்சேன்."

"ஊற வேற வச்சீங்களா! சரி, பொட்டு இருந்த கல்ல எங்க வச்சீங்க?"

அதை யோசித்துப் பார்த்தேன். பளபளத்த கைப்பிடி நினைவிருந்தது. அதை எங்கே வைத்தேன் என்பது இல்லை. பாத்திரம் சாய்க்கும் தட்டில் முதலில் வைத்ததா, இரண்டாவதா? அதன்மேல் சாய்ந்தது எது? வாளியை நகர்த்த இரண்டையும் ஒருமுறை எடுத்தேனே, திரும்ப எப்படி வைத்தேன்?

"இப்ப என்ன செய்யறது?" என்று கேட்டேன்.

"என்னைக் கேக்குறீங்க? ஊர்க் கடைக்காரங்களுக்கெல்லாம் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க லா!"

போனை வைத்துவிட்டு இரண்டு கல்லையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை, நானே காவல் காத்ததால் எங்கிருந்து வரும்? கறை இல்லை. தண்ணீர் தெளித்தேன், இரண்டிலும் முத்து முத்தாய் உருண்டு ஓடியது. முகர்ந்து பார்த்தேன். என் மூக்கு சாக்கடைகளுக்கு உழைத்து, எனக்கு முன்பே ஓய்வு பெற்ற மூக்கு. எதுவும் தெரியவில்லை. அக்காவின் இரும்புக் கல்லாக இருந்தால் அதன்மேல் சுட்டது எல்லாம் அதற்குள் இருக்கும். எத்தனை கழுவினாலும் தான் யாருடைய கல் என்று அது சொல்லும். இது எதையும் வைத்துக்கொள்ளவில்லை. நேற்றைய மீனையும் வைத்துக்கொள்ளவில்லை, இன்றைய தோசையையும் வைத்துக்கொள்ளவில்லை. ஒட்டாது என்பதற்காக நான் மெச்சிய பொருள், எனக்குச் சாட்சி சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் நின்றது.

பேசாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணம் வராமல் இல்லை. அவளுக்குக் கண் மங்கல். கேட்கப்போவதில்லை. காலையில் சுட்டது சரியான கல்லாகவே இருக்கலாம், பாதிக்குப் பாதி. ஆனால் என்னிடமும் அப்படித்தான் சொல்வார்கள்: "இருக்காது சார், கலந்திருக்காது." கலந்திருக்காது என்று நிரூபிக்க முடியாதது கலந்ததுதான் என்று நான் பதில் சொல்வேன். அவர்களிடம் கொட்டச் சொன்னது ஒரு சட்டி குழம்பு. இது, இந்தப் பெண்பிள்ளை எனக்காக ஓர் ஆயுள் முழுக்கக் காத்தது.

ஹாலுக்குப் போனேன். "அக்கா, ஒரு விஷயம்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அறிக்கை வாசிப்பது போலத்தான் வந்தது. எனக்கு வேறு விதமாகச் சொல்ல வராது.

அக்கா வானொலியை அணைத்தாள். "ரெண்டு கல்லையும் கொண்டா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். கீழ் அலமாரியில் இருந்த கல்லை முதலில் வாங்கி முகத்துக்கருகே வைத்து முகர்ந்தாள். பிறகு காலையில் தோசை சுட்ட கல். அதை வாங்கியவள் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தாள்.

"இதுதான் என்னோடது," என்று காலைக் கல்லைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நிச்சயமாவாக்கா?"

"என் மூக்கு மேல ஒனக்கு என்ன சந்தேகம்? போ. போயி வேலையப் பாரு."

இனிமேல் இப்படி நடக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். தண்ணீருக்கும் சோடாவுக்கும் அழியாத அடையாளம் வேண்டும். சிவப்பு ஒட்டுநாடாவைக் கல்லில் கைப்பிடி சேரும் தண்டில் ஓரம் வெளியே தெரியச் சுற்றி, அதன்மேல் கைப்பிடியை மாட்டி முறுக்கிவிட்டால் யாராலும் எடுக்க முடியாது, என்னாலும் முடியாது. திருப்புளியை எடுத்து, அக்கா தன்னுடையது என்று சொன்ன கல்லின் கைப்பிடியைக் கழற்றினேன்.

திருகாணி இருந்த குழிக்குள் கண்ணாடிச் சில்லு மாதிரி ஏதோ மின்னியது. ஊசியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். மீன் செதில். ஞாயிற்றுக்கிழமை பொரித்த சியாக்காப்.

காலையில் நான் அக்காவுக்குத் தோசை சுட்டது மீன் கல்லில். இதில் இப்போது சந்தேகம் கிடையாது. அவள் முகர்ந்தும் கண்டுபிடிக்கவில்லை. இல்லாவிட்டால், கண்டுபிடித்துவிட்டுத்தான் மாற்றிச் சொன்னாள். எது என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று இல்லை. செதிலைக் குப்பையில் போட்டுவிட்டு, மற்றக் கல்லை மேலே மாட்டிவிட்டால், யாருக்கும் ஒன்றும் இல்லை. அவள் மனத்தில் வேண்டுதல் முழுசாகவே இருக்கும்.

கண் மருந்து விடும் நேரம் வந்தது. இரண்டு வகை மருந்து. முதலாவதை விட்டு, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருந்து, பிறகு இரண்டாவது. அக்கா நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முதல் சொட்டை விட்டேன். கண்ணை மூடினாள். அந்த ஐந்து நிமிடத்தில் அவளால் என்னைப் பார்க்க முடியாது என்பது உதவியாக இருந்தது.

"அக்கா. கைப்பிடிக்குள்ள ஒரு செதில் இருந்துச்சு. நீ ஒன்னோடதுன்னு சொன்ன கல்லுல."

"ம்."

"காலைல சுட்டது அதுலதான்."

"தெரியும்டா. மொத தோசைலயே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா சாப்ட்ட?"

"வாய்ல போட்டாச்சு. துப்பச் சொல்றியா? நீ மரக் கரண்டியப் பிடிச்சுக்கிட்டு, பரிச்சைல பாஸா பெயிலான்னு கேக்குற புள்ள மாதிரி நிக்குற."

"அப்ப ரெண்டாவது? மூணாவது?"

"துப்பாததுக்கு அப்புறம் ரெண்டு என்ன, மூணு என்ன? பசிச்சுது லா." மூக்கை லேசாக உறிஞ்சினாள். "கெம்போங் மீனு இல்ல. ஏதோ பணக்கார மீனு."

"சியாக்காப்."

"அதான். நம்ம காலத்துல அதெல்லாம் ஏது."

"மத்தியானம் நானாத்தானே வந்து சொன்னேன். அப்பவாச்சும் உள்ளதச் சொல்லியிருக்கலாமே."

"ஒன் மூஞ்சியப் பாத்தேன். எனக்கு மங்கலாத்தான் தெரியுது. மங்கலாத் தெரிஞ்சதே அவ்ளோ பாவமா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில ஒன்ன அப்படித்தான் பாத்தேன். மறுபடியும் பாக்க வேணாம்னு இதுதான் என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

வெகுநாள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருந்தது. அதைக் கேட்க இது இடமா என்று தெரியாமலே கேட்டேன்.

"நல்லா இருந்துச்சாக்கா? அந்த வாசம்?"

மூடிய கண்ணோடு அக்கா சிரித்த மாதிரி இருந்தது. "அஞ்சு நிமிசம் ஆச்சா பாரு," என்றாள்.

இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது.

"அப்ப வேண்டுதல்?"

"ஆத்தாகிட்ட காலையிலயே சொல்லிட்டேன். வச்சது நான், வாங்கிக்கிட்டது அவ. அது எங்க ரெண்டு பேர் விஷயம். அதுல நீ வந்து சோதன போட வேணாம்." பிறகு விரலை உயர்த்தினாள். "ஆனா ஒனக்கும் ஒண்ணு இருக்கு."

"என்ன?"

"நாப்பத்தெட்டு நாளு. கவிச்சி கெடையாது."

"எனக்கா? நான் எந்தச் சாமிகிட்ட என்ன வேண்டிக்கிட்டேன்?"

"நான் யாருகிட்ட மீனு கேட்டேன்?"

இதற்கு மேல்முறையீடு இல்லை என்று தெரிந்தாலும் முயன்று பார்த்தேன். "மொதத் தப்புக்கு எச்சரிக்கைக் கடுதாசி மட்டுந்தான்க்கா குடுப்போம்."

"அது ஒங்க ஆபீசுல. மருந்த விடு."

விட்டேன்.

மனைவி திரும்பி வந்து நடந்ததைக் கேட்டாள். சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது. பிறகு இரண்டு கல்லுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். கைப்பிடிக்கு அடியில் அல்ல. மேலேயே, எனக்குத் தெரிகிற இடத்தில். அந்த மீன் கல்லுக்கு எப்படிப் பொட்டு வைக்கலாம் என்று நான் கேட்டேன். செதில் போய்விட்டது, இனி அதில் மீன் ஏறப்போவதுமில்லை, ஆசாமியே சைவமாகும்போது கல் ஆகக்கூடாதா என்று அவள் கேட்டாள். விதிப்படி இதை எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் அக்கா பழைய ஏற்பாட்டை விடவில்லை. அவளுடையது மேலே தொங்குகிறது. செதில் இருந்த கல்லில் நாங்கள் இருவரும் சுட்டுக்கொள்கிறோம். சுவரில் ஒட்டிய என் வழிமுறைத் தாளில் எண்ணெய் தெறித்துப் பாதி எழுத்து அழிந்துவிட்டது. திரும்ப எழுதவில்லை.

அக்காவுக்கு மாதம் முடிந்துவிட்டது. கண் தெளிந்துவிட்டது, இனி தூக்கலாம், குனியலாம் என்று சொல்லிவிட்டார்கள். சாஆவுக்குக் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன்.

"நான் போயிட்டா நீ ஏமாத்துவ," என்றாள்.

இன்று இருபத்தொன்பதாவது நாள். காலை பதினொரு மணிக்குத் தோசைக்கல்லைக் கழுவி ஒற்றிக்கொண்டிருந்தேன். சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு வாசம் வந்தது. கெம்போங். மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி, மிளகாய் போடாமல், கொஞ்சம் அதிகமாகவே முறுகவிட்டது. இவ்வளவும் எனக்குத் தெரிந்தது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. ஓய்வு பெற்ற மூக்கு, கூப்பிடாமலே வேலைக்குத் திரும்பியிருக்கிறது.

கையைத் துடைத்துவிட்டுச் சன்னலைச் சாத்தப் போனேன். அக்கா பின்னால் நின்றிருந்தாள்.

"தொறந்தே கெடக்கட்டும்," என்றாள். "மோந்து பாக்குறதுல ஒண்ணும் இல்ல. இத்தன வருசமா நான் வேற என்ன செஞ்சேன்?"

சன்னலைத் திறந்து வைத்தேன். பக்கத்து வீட்டில் அடுத்த மீனை எண்ணெயில் போடும் சத்தம் கேட்டது.